விண்டோஸில் ஒரு காலி பார்ட்டிஷனை அழித்தேன், இப்போது 'கிரப் ரெஸ்க்யூ' திரையிலேயே நிற்கிறது

அரைத்தூக்கம் (கேள்வி)

வணக்கம். ஃபோனில் தமிழ் கீபோர்டு மட்டும்தான் இருக்கிறது. அதனால் திரையில் வருவதையெல்லாம் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது பழைய லேப்டாப். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். லேப்டாப்பை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள் புதிய யூஇஎஃப்ஐ எல்லாம் கிடையாது, பழைய பயாஸ்தான். விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருக்கின்றன, ஆன் செய்ததும் எதற்குள் போவது என்று கிரப் மெனு கேட்கும், ஆறு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. இன்று சாயங்காலம் விண்டோஸில் இடம் போதவில்லை என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். டி டிரைவுக்கு அடுத்து டிஸ்கில் 20 ஜிபிக்குத் தனியாகப் பிரித்த ஒரு பார்ட்டிஷன் சும்மா கிடந்தது. எப்போதோ வேறொரு லினக்ஸைப் போட்டுப் பார்த்துவிட்டு மறந்துபோன இடம். அதில் எனக்கு வேண்டியது எதுவும் இல்லை என்று நிச்சயமாகத் தெரியும். அழித்தேன். பச்சைக் கட்டத்துக்குள் 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்று காட்டியது. அத்தோடு சரி. லினக்ஸ் இருக்கும் பக்கம் மவுஸைக் கொண்டுபோகக்கூட இல்லை.

ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரையில் மூன்றே வரி:

எரர்: அன்நோன் ஃபைல்சிஸ்டம்.
என்டரிங் ரெஸ்க்யூ மோட்...
கிரப் ரெஸ்க்யூ>

'ஹெல்ப்' என்று தட்டினேன். அப்படி ஒரு கமாண்டே தெரியாது என்கிறது. விண்டோஸுக்கும் போக முடியவில்லை. லினக்ஸ் பக்கம் என் ஆய்வேடு இருக்கிறது, கடைசியாக பேக்கப் எடுத்து மூன்று வாரம் ஆகிறது. தொடாத ஃபைல் சிஸ்டம் எப்படித் திடீரென்று 'அன்நோன்' ஆகும்?

மின்னல்விரல்

ஃபைல் சிஸ்டம் கெட்டுவிட்டது, மெசேஜே அதைத்தானே சொல்கிறது. லினக்ஸை நேராக ஓட்டக்கூடிய லைவ் பென் டிரைவில் ஏற்றி எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் கமாண்ட்) ஓட்டிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் அந்த பார்ட்டிஷனை ஃபார்மட் செய்து லினக்ஸைத் திரும்பப் போடுங்கள். அரை மணி நேர வேலை.

திருப்புளி

அரைத்தூக்கம், கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்காருங்கள். எஃப்எஸ்சிகே வேண்டாம், ஃபார்மட் வேண்டவே வேண்டாம். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அது சரியென்றால் உங்கள் ஆய்வேட்டில் ஒரு எழுத்துகூட நகரவில்லை.

அந்த ரெஸ்க்யூ திரையில் இரண்டே இரண்டு கமாண்ட் தட்டி, வருவதை அப்படியே இங்கே எழுதுங்கள். முதலில் 'செட்' என்று மட்டும். அடுத்து 'எல்எஸ்' என்று மட்டும். நானும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். இரண்டும் தகவலை மட்டும் காட்டும், எதையும் மாற்றாது.

அரைத்தூக்கம்

செட் அடித்தால்:

ப்ரிஃபிக்ஸ்=(எச்டி0,எம்எஸ்டாஸ்7)/பூட்/கிரப்
ரூட்=எச்டி0,எம்எஸ்டாஸ்7

எல்எஸ் அடித்தால்:

(எச்டி0) (எச்டி0,எம்எஸ்டாஸ்7) (எச்டி0,எம்எஸ்டாஸ்6) (எச்டி0,எம்எஸ்டாஸ்5) (எச்டி0,எம்எஸ்டாஸ்2) (எச்டி0,எம்எஸ்டாஸ்1)

கூடவே ஒன்று. லினக்ஸுக்கு அடுத்து கடைசியில் ஸ்வாப் பார்ட்டிஷன் (மெமரி போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் இடம்) ஒன்று வைத்திருந்தேன். முன்பு பார்த்தபோது லினக்ஸ் எஸ்டிஏ7, ஸ்வாப் எஸ்டிஏ8 என்று ஞாபகம். இப்போது பட்டியலில் 8 இல்லை! ஸ்வாப் போய்விட்டதா?

திருப்புளி

போகவில்லை. கிரப் எச்டி0 என்பதும் லினக்ஸ் எஸ்டிஏ என்பதும் உங்கள் ஹார்ட் டிஸ்கைத்தான், கடைசியில் வருவது பார்ட்டிஷன் எண். 8 இப்போது 7 ஆகிவிட்டது. 7 இப்போது 6. உங்கள் கேள்விக்கான பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் டிஸ்கின் முதல் செக்டார் 512 பைட். அதில் பூட் கோடுக்கு 446 பைட், பார்ட்டிஷன் பட்டியலுக்கு 64 பைட், கடைசி 2 பைட் முத்திரை. ஒரு பார்ட்டிஷனின் விவரத்துக்கு 16 பைட் என்பதால் 64 பைட்டில் நான்குதான் எழுத முடியும். அதற்கு மேல் வேண்டுமென்றால், நான்கில் ஒன்றை 'எக்ஸ்டெண்டட்' என்று அறிவித்து அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களைச் சங்கிலியாகக் கோக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் எண் எழுதியிருக்காது. 'நான் இங்கே இருக்கிறேன், எனக்கு அடுத்தவன் அங்கே இருக்கிறான்' என்பது மட்டும்தான் இருக்கும். லினக்ஸும் கிரப்பும் முதல் கண்ணியிலிருந்து 5, 6, 7 என்று ஒவ்வொரு முறையும் புதிதாக எண்ணிக்கொண்டு போகும். நடுவில் ஒருவர் வரிசையை விட்டு விலகினால் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் ஒரு படி முன்னே வந்துவிடுவார்கள். நீங்கள் அழித்தது 6-ஆவது ஆள்.

இதில் கிரப்புக்கு என்ன நஷ்டம்? அது மூன்று துண்டாக உட்கார்ந்திருக்கிறது. அந்த 446 பைட்டுக்குள் முதல் துண்டு. அதற்குத் தெரிந்தது, அடுத்த துண்டு எந்த செக்டாரில் தொடங்குகிறது என்பது மட்டும். இரண்டாவது துண்டு, முதல் செக்டாருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவிலுள்ள காலி இடத்தில் இருக்கிறது. மெனு, படம், மற்ற மாட்யூல் எல்லாம் மூன்றாவது துண்டு, லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் பூட் ஃபோல்டரில். ஆறு வருடம் முன்பு இன்ஸ்டால் செய்தபோது இரண்டாவது துண்டுக்குள் 'மீதிப் பொருள் 7-ஆவது பார்ட்டிஷனில் இருக்கிறது' என்று எழுதிவைத்தார்கள். இன்றும் அது 7-ஐத்தான் போய்த் தட்டுகிறது. அங்கே இப்போது ஸ்வாப். ஸ்வாப்பில் ஃபைல் சிஸ்டமே கிடையாது, அதனால்தான் 'அன்நோன் ஃபைல்சிஸ்டம்'. ஸ்வாப் இல்லாமல் லினக்ஸே கடைசியாக இருந்திருந்தால் 'நோ சச் பார்ட்டிஷன்' என்று வந்திருக்கும், நீங்களும் இவ்வளவு பயந்திருக்க மாட்டீர்கள். விண்டோஸும் வராததற்கு இதே காரணம்தான். அதற்குப் போகும் வழியும் அந்த மெனுவுக்குள் இருக்கிறது.

மின்னல்விரல், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொன்னபடி 7-இல் எஃப்எஸ்சிகே ஓட்டியிருந்தால், சூப்பர்பிளாக்கை (ஃபைல் சிஸ்டத்தின் தலைப்பு விவரத்தை) காணோம் என்று அது வேறு ஒரு கதை சொல்லியிருக்கும். அதை நம்பி அடுத்த கட்டத்துக்குப் போய் ஃபார்மட் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானே அப்படிச் செய்திருக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்:

எல்எஸ் (எச்டி0,எம்எஸ்டாஸ்6)/

கடைசியில் உள்ள சாய்கோடு முக்கியம். அது இல்லாவிட்டால் ஃபைல் சிஸ்டத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அதுவும் இஎக்ஸ்டி2 என்று காட்டும், உங்களுடையது இஎக்ஸ்டி4 ஆக இருந்தாலும். இரண்டையும் ஒரே மாட்யூல்தான் படிக்கிறது, பதற வேண்டாம். 1, 2, 5 மூன்றுக்கும் இதே கமாண்டைத் தட்டினால் 'அன்நோன் ஃபைல்சிஸ்டம்' என்றே வரும். அவை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். அந்த இரண்டாவது துண்டுக்குள் லினக்ஸ் பார்ட்டிஷனைப் படிக்கத் தேவையானதை மட்டும்தான் அடைத்து வைத்திருக்கிறது. தனக்குப் படிக்கத் தெரியாததை எல்லாம் அது அன்நோன் என்றுதான் சொல்லும்.

6-இல் ஹோம், ஈடிசி, பூட் என்று ஃபோல்டர்கள் தெரிந்தால், வரிசையாக இவற்றைத் தட்டுங்கள்:

செட் ப்ரிஃபிக்ஸ்=(எச்டி0,எம்எஸ்டாஸ்6)/பூட்/கிரப்
செட் ரூட்=எச்டி0,எம்எஸ்டாஸ்6
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

பழைய மெனு வரும். இது இந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், அணைத்துப் போட்டால் மறந்துவிடும். லினக்ஸுக்குள் போனதும் முதல் வேலையாக ஆய்வேட்டை பென் டிரைவில் காப்பி எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அரைத்தூக்கம்

6-ஐத் திறந்து என் ஃபோல்டர்களைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது.

ஆனால் முதல் செட் கமாண்டிலேயே 'நாட் அன் அசைன்மென்ட்' என்று முறைத்துக்கொண்டது. நான்கு தடவை தட்டிப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது, சமக்குறிக்கு முன்னும் பின்னும் இடம் விட்டிருக்கிறேன். எழுதும்போதும் அப்படித்தான் விடுவேன், பழக்கதோஷம். ஒட்டி எழுதியதும் ஏற்றுக்கொண்டது. நார்மல் தட்டியதும் அதே பழைய ஊதா மெனு. லினக்ஸ் முழுசாக ஏறிவிட்டது, ஸ்வாப்பும் வேலை செய்கிறது. ஆய்வேடு இப்போது இரண்டு பென் டிரைவில் இருக்கிறது!

அப்புறம் நானாகவே இணையத்தில் பார்த்து நிரந்தரமாகச் சரிசெய்யப் போனேன். அங்கே இன்னொரு முட்டுச்சந்து:

சூடோ கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ6

வந்த பதில்: இந்த ஃபைல் சிஸ்டத்தில் எம்பெட் செய்ய முடியாது, பிளாக்லிஸ்ட் முறையில்தான் முடியும், பிளாக்லிஸ்ட் நம்பகமானதல்ல (இதைப் பெரிய எழுத்தில் கத்துகிறது), எனவே மேற்கொண்டு போக மாட்டேன். பயந்துபோய் நிறுத்திவிட்டேன். லேப்டாப்பை அணைக்கவும் இல்லை.

திருப்புளி

அணைக்காதது நல்லது. ஆனால் பயப்பட ஒன்றுமில்லை, கிரப் உங்களைக் காப்பாற்றித்தான் இருக்கிறது.

எஸ்டிஏ6 என்றால் 'அந்த ஒரு பார்ட்டிஷனுக்குள் போய் உட்கார்' என்று அர்த்தம். நமக்கு வேண்டியது டிஸ்கின் தலைப்பகுதி. அதனால் எண் இல்லாமல்:

சூடோ கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ
சூடோ அப்டேட்-கிரப்

முதல் கமாண்ட் 446 பைட்டையும் இரண்டாவது துண்டையும் புதிதாக எழுதும், இந்தத் தடவை 6 என்று. பார்ட்டிஷன் பட்டியல் உள்ள 64 பைட்டைத் தொடாது. இரண்டாவது கமாண்ட் மெனுவைப் புதிதாக எழுதும். கிரப் 2.06-இலிருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடும் வேலையை இயல்பாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அப்டேட்-கிரப் ஓடும்போது விண்டோஸ் பெயர் வரவில்லை என்றால், /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் ஃபைலில் அந்தத் தேடலைச் செய்யும் ஓஎஸ்-ப்ரோபரை முடக்கும் வரியின் மதிப்பை 'ஃபால்ஸ்' என்று மாற்றிவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். ஓட்டும் முன் ஒரு பென் டிரைவும் செருகியிருக்கக் கூடாது. எஸ்டிஏ என்பது உங்கள் ஹார்ட் டிஸ்க்தான் என்று, டிஸ்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே தட்டி, 465 ஜிபி என்ற அளவை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த பிளாக்லிஸ்ட் எச்சரிக்கையைப் பார்த்ததும் எனக்கு லிலோ ஞாபகம் வந்தது. நான் லினக்ஸ் தொட்ட காலத்தில் கிரப் இவ்வளவு பரவவில்லை, லிலோதான். அதற்கு ஃபைல் சிஸ்டமே தெரியாது. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) டிஸ்கில் எந்தெந்த இடத்தில் கிடக்கிறது என்று பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளும். புது கெர்னல் போட்டுவிட்டு லிலோவை ஒரு தடவை ஓட்ட மறந்தால் தீர்ந்தது. திரையில் எல், ஐ என்று இரண்டே எழுத்தோடு அது நின்ற ராத்திரிகளை நான் மறக்கவில்லை. கிரப் 'நம்பகமானதல்ல' என்று கத்துவது அதே முறையைப் பற்றித்தான். ஃபைல் இடம் மாறினால் பட்டியல் பொய்யாகிவிடும்.

இன்னொன்று. பூட் ஆகும்போது எந்தெந்த பார்ட்டிஷனை இணைப்பது என்ற பட்டியல் உள்ள /ஈடிசி/எஃப்எஸ்டேப் ஃபைலைத் திறந்து பாருங்கள். உங்களுக்கு எல்லாம் ஒழுங்காக ஏறியதால், அங்கே எஸ்டிஏ7 என்று எழுதாமல் நீளமான யூயூஐடி எழுதியிருக்கும். அந்த அடையாளம் பார்ட்டிஷனுக்குள்ளேயே இருப்பது, வரிசை மாறினாலும் மாறாது. கிரப் மெனுவும் அதை வைத்துத்தான் தேடுகிறது. எண்ணை நம்பிக்கொண்டிருந்தது அந்த இரண்டாவது துண்டு மட்டும்தான்.

ஒற்றைவிளக்கு

திருப்புளி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். டெபியன் வகை லினக்ஸ் என்றால் சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-பிசி என்றும் ஒரு தடவை ஓட்டி, எந்த டிஸ்கில் கிரப் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு எஸ்டிஏவில் மட்டும் டிக் போடுங்கள். அடுத்தடுத்த அப்டேட்டில் எங்கே எழுத வேண்டும் என்று அந்தப் பாக்கேஜ் நினைவில் வைத்துக்கொள்ளும்.

நான் பட்ட பாடு இது. பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டு, பழையதையும் உள்ளேயே விட்டுவைத்திருந்தேன். பயாஸ் பழைய டிஸ்கின் தலைப்பகுதியிலிருந்தே பூட் செய்துகொண்டிருந்தது, மீதி எஸ்எஸ்டியிலிருந்து. எல்லாம் நன்றாகவே ஓடியதால் எனக்கு அது தெரியவே தெரியாது. 2020 ஜூலை கடைசியில் பூட்ஹோல் என்ற பாதுகாப்பு ஓட்டைக்காக கிரப்புக்கு அப்டேட் வந்தது. எஸ்எஸ்டியில் மாட்யூல்கள் புதிதாகின, பழைய டிஸ்கில் அந்த இரண்டாவது துண்டு பழசாகவே நின்றது. மறுநாள் காலை 'சிம்பல் கிரப்_கேலாக் நாட் ஃபவுண்ட்' என்று ஒரு வரி, கீழே ரெஸ்க்யூ. ப்ரிஃபிக்ஸ் சரியாகவே இருந்தது, அதனால் மேலே சொன்ன வைத்தியம் எனக்குப் பலிக்கவில்லை. பயாஸில் எஸ்எஸ்டியை முதலாவதாக மாற்றி, லைவ் பென் டிரைவில் ஏறி, லினக்ஸ் பார்ட்டிஷனை /எம்என்டி-யில் மவுண்ட் செய்து, கிரப்-இன்ஸ்டாலுக்கு பூட்-டைரக்டரி /எம்என்டி/பூட் என்று காட்டி எழுதிய பிறகுதான் வந்தது. ரெஸ்க்யூவில் இன்ஸ்மாட் நார்மல் உதவாதவர்களுக்கு இந்த வழி.

கற்றுக்குட்டி

நடுவில் ஒரு கேள்வி. என்னுடையது யூஇஎஃப்ஐ லேப்டாப். விண்டோஸில் பார்ட்டிஷனை அழித்தால் எனக்கும் இப்படி எண் மாறுமா?

திருப்புளி

மாறாது. உங்களுடையது ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் முறையில் உள்ள டிஸ்காக இருக்கும். அதில் பொதுவாக 128 இடம் உள்ள பட்டியல் இருக்கும், சங்கிலி கிடையாது. 6-ஐ அழித்தால் 6 காலியாகக் கிடக்கும், 7 தன் இடத்திலேயே நிற்கும். உங்களுக்குப் பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து வரும். கிரப் அங்கே எஃப்ஏடி32 ஃபார்மட்டில் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனில் சாதாரண ஃபைலாக இருக்கிறது. அதற்குப் போகும் வழி மதர்போர்டின் நினைவில். அந்த வழி அழிந்தாலோ வரிசையில் கீழே போனாலோ நேராக விண்டோஸ் வரும், பிழை எதுவும் காட்டாது. லைவ் பென் டிரைவில் ஏறி இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் தட்டி வரிசையைப் பாருங்கள். அந்தப் பென் டிரைவும் யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருக்க வேண்டும். /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருந்தால் ஆகியிருக்கிறது. செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பில் கைவைப்பதாக இருந்தால், விண்டோஸ் பக்கம் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பார்த்து அந்த 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், இவருடைய வேலை இன்னும் முடியவில்லை.

அரைத்தூக்கம்

எண் இல்லாமல் எஸ்டிஏ என்று கொடுத்தேன், 'நோ எரர் ரிப்போர்ட்டட்' என்று ஒரே வரியில் முடிந்தது. ரீகான்ஃபிகரும் செய்துவிட்டேன். இரண்டு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், மெனு தானாக வருகிறது, விண்டோஸும் திறக்கிறது. எஃப்எஸ்டேப்பில் நீங்கள் சொன்ன மாதிரி யூயூஐடிதான். மேலே ஒரு குறிப்பு வரியில் மட்டும், இன்ஸ்டால் செய்தபோது எஸ்டிஏ7 என்று எழுதியிருக்கிறது.

இப்போது விண்டோஸில்தான் இருக்கிறேன். அந்த 20 ஜிபி ஃப்ரீ ஸ்பேஸில் புதிதாக ஒரு பார்ட்டிஷன் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி.

திருப்புளி

ஐயா, நில்லுங்கள்! அங்கே புதிதாக ஒன்று போட்டால் சங்கிலியில் ஒரு கண்ணி கூடும். அதை நடுவில் கோத்தால் லினக்ஸ் மறுபடி 7 ஆகிவிடும், நாளைக் காலை இதே மூன்று வரியைப் பார்ப்பீர்கள். கடைசியில் கோத்தால் மாறாது. எங்கே கோக்கும் என்பது எந்தக் கருவியில் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, அதில் பந்தயம் கட்ட வேண்டாம்.

உங்களுக்கு விண்டோஸில் இடம்தானே வேண்டும்? காலி இடம் டி டிரைவை ஒட்டி, அதற்கு அடுத்து இருக்கிறது. டி மேல் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' கொடுங்கள். 5 கொஞ்சம் கொழுக்கும், அவ்வளவுதான். புது ஆள் யாரும் வரிசையில் சேரமாட்டார்.

அரைத்தூக்கம்

நெக்ஸ்ட் பட்டன் மேல் மவுஸை வைத்துக்கொண்டுதான் உங்கள் பதிலைப் படித்தேன். கேன்சல் செய்துவிட்டு டி-யை நீட்டினேன். ரீஸ்டார்ட், மெனு, லினக்ஸ், எல்எஸ்பிஎல்கே: எஸ்டிஏ6 லினக்ஸ், எஸ்டிஏ7 ஸ்வாப். தூங்கப் போகிறேன்.